மூன்று முறை கூப்பிட்டோம்

எங்கள் ஊர் எல்லையில் ஒரு சிவப்பு வாசல் நிற்கிறது. இரண்டு தூண், மேலே ஈட்டி முனையாகச் செதுக்கிய கட்டைகள், நடுவில் எழுத்துப் பலகை. கதவு கிடையாது. குதிரையில் வருகிறவன் அதன் முன்னால் இறங்கி நடக்க வேண்டும். கற்பைக் காப்பாற்றிக்கொள்ள உயிரை விட்ட ஒருத்திக்காக அரசர் கொடுத்த வாசல் அது. வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "புண்ணியம் செஞ்ச ஊரு" என்பார்கள். நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம். அதை அடக்கம் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும்.

வாசலுக்கு உரியவள் கோக்சோங்காரி. கோக்சோங்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்ததால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று இங்கே யாரும் கேட்டதில்லை. அவள் புருஷன் பியோ தல்சு. நான் சொல்ல வந்தது இந்த தல்சுவைப் பற்றித்தான். அவனை நல்லவன் என்று சொல்ல வாய் வரவில்லை. கெட்டவன் என்று சொன்னால் நாக்கு கூசுகிறது. ஏனென்றால் அவன் செய்ததைத்தான் ஊரே செய்தது.

தல்சு கூரை வேய்கிறவன். வைக்கோலை முறுக்கி அவன் கட்டினால் மூன்று மழைக்காலம் தாங்கும். கூரைமேல் பூனைபோல நடப்பான். தரையில் நடக்கும்போது மட்டும் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்து பயந்து காலை வைப்பான். கூரை ஏறத் தெரிந்தவன் என்பதால் இன்னொரு வேலையும் அவன் தலையில் விழுந்தது. யாருக்காவது மூச்சு நின்றால், அழுவதற்கு முன்னால், செத்தவருடைய சட்டையை எடுத்துக்கொண்டு ஒருவர் கூரை ஏற வேண்டும். வடக்கே பார்த்துச் சட்டையை உதறி, இன்னார் மகன், இன்னார் மனைவி என்று ஆளைச் சொல்லி, திரும்பி வா என்று மூன்று முறை கூப்பிட வேண்டும். உயிர் பக்கத்தில் எங்காவது நின்றுகொண்டிருந்தால் சட்டையை அடையாளம் கண்டு வந்துவிடும். வராவிட்டால் வீட்டார் அழ ஆரம்பிக்கலாம். ஏணியும் தல்சுவுடையது, குரலும் தல்சுவுடையது. அவன் கூப்பிட்டு அதுவரை யாரும் வந்ததில்லை.

போர் எப்படி வந்தது என்று கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் ஜப்பானில் ஒருவன் எல்லாச் சண்டையும் முடித்துவிட்டு, சண்டை போட ஆளில்லாமல், சீனத்தைப் பிடிக்கப் போகிறேன், வழி விடு என்று எங்கள் அரசரிடம் கேட்டானாம். நிலைமையைப் பார்த்து வர அரண்மனை இரண்டு தூதர்களை அனுப்பியது. வருவான் என்றார் ஒருவர். வரமாட்டான் என்றார் மற்றவர். கண்ணால் பார்த்ததைச் சொல்வதைவிட, எதிர்க்கட்சிக்காரர் சொன்னதை மறுப்பது அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. தல்சுவின் பெரியப்பா பியோ சாங்கில், எங்கள் ஊரில் நாலெழுத்து படித்தவர், வரமாட்டான் கட்சி. "அந்தத் தீவுக்காரனுக்குப் படகு கட்டவே பத்து வருஷம் ஆகும்டா" என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். வந்தார்கள். ஏழு வருடம் நாட்டைச் சுடுகாடாக்கினார்கள். இப்போது வடக்கே மஞ்சூக்காரர்கள் வருவார்களா மாட்டார்களா என்று அதே அரண்மனையில் அதே சண்டை நடக்கிறது என்கிறார்கள். எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

முதல் படையெடுப்பு எங்களைத் தொடவில்லை. பசிதான் தொட்டது. உதவிக்கு வந்த சீனப் படை எங்கள் நெல்லைத் தின்றது. நாங்கள் பைன் மரப்பட்டையை இடித்துக் கஞ்சி காய்ச்சினோம். ஐந்து வருடம் கழித்து, சேவல் வருடத்தில் ஜப்பான்காரர்கள் மறுபடி வந்தபோது நாம்வோன் கோட்டை விழுந்தது. தலைகளைத் தூக்கிச் சுமப்பது கஷ்டம் என்று மூக்குகளை அறுத்து, உப்பில் போட்டு, எத்தனை பேரைக் கொன்றோம் என்று கணக்குக் காட்டினார்களாம். அந்தச் செய்தி வந்த காலையில் ஊரே சோம்ஜின் ஆற்றைத் தாண்டி மலைக்கு ஓடியது.

தல்சு மகள் புன்னியை முதுகில் கட்டிக்கொண்டான். அவள் அப்போதுதான் ஓட்டமாக ஓடப் பழகியிருந்த குழந்தை. கோக்சோங்காரி விதைநெல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். அடுத்த வருடம் என்று ஒன்று வந்தால் எதை விதைப்பது என்ற கவலை அவளுக்கு. ஆற்றுத்துறையில் வைக்கோல் செருப்பு வழுக்கும். அவள் செருப்பைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டு இறங்கினாள். பின்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. தல்சு அக்கரை ஏறி, மரங்களுக்குள் புகுந்து, நிற்காமல் ஓடினான்.

படை கடந்துபோன பிறகு ஆட்கள் ஆற்றுக்குத் திரும்பி வந்தார்கள். அவள் இல்லை. பாறைமேல் ஒரு ஜோடி செருப்பு மட்டும் அக்கம்பக்கமாக, வாசலில் கழற்றி வைத்ததைப்போல அழகாக இருந்தது. எதைக் கழற்றினாலும் சேர்த்து வைப்பது அவள் பழக்கம். வேறு நாட்டுக்காரர்கள் பார்த்திருந்தால், யாரோ ஒருத்தி ஆற்றில் இறங்கியிருக்கிறாள் என்று மட்டும் நினைத்திருப்பார்கள். நாங்கள் அப்படி நினைப்போமா? பெண்ணின் செருப்பு, கீழே ஆழமான மடு, பின்னால் எதிரி. பெரியப்பா செருப்பைப் பார்த்த மாத்திரத்தில் கண்ணீர் விட்டார். "குதிச்சுட்டா. நம்ம வீட்டு மானத்தைக் காப்பாத்திட்டாடா தல்சு."

தல்சுவுக்கு அது போதுமாக இருந்தது. பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடினான் என்பதைவிட, பெண்டாட்டி குதித்துவிட்டாள் என்பது கேட்க நன்றாக இருந்தது. அங்கே கூரை இல்லாததால் பாறைமேலேயே ஏறி, வீட்டிலிருந்து எடுத்துவந்த அவள் சட்டையை உதறி, ஆற்றைப் பார்த்து மூன்று முறை கூப்பிட்டான். என் அம்மா அன்று அங்கே இருந்தாள். அந்தக் குரலைக் கேட்டு மலை அழுதது என்பாள். பிறகு சட்டையையும் செருப்பையும் புதைத்து மேடு எழுப்பினார்கள்.

போர் முடிந்தது. நிலத்தில் பாதி உழ ஆளில்லாமல் கிடந்தது. மூக்கில்லாத ஆட்கள் முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு சந்தைக்கு வந்தார்கள். அரண்மனைக்கு முதலில் ஞாபகம் வந்தது உத்தமர்களைத் தேடுவதுதான். ஒவ்வொரு வட்டத்திலும் விசுவாசி யார், பெற்றோரைக் காத்த மகன் யார், கற்புக்காகச் செத்தவள் யார் என்று கேட்டு ஆள் வந்தது. பெரியப்பா கோக்சோங்காரியைச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. அவள் குதிக்கும் முன் வடக்கே பார்த்து அரசரை வணங்கினாளாம். எதிரித் தளபதியே தலைகுனிந்தானாம். பார்த்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. சிவப்பு வாசல் வந்தது. அதோடு பியோ வீட்டுக்கு வரி விலக்கும், அரசாங்கத்துக்குக் கூலியில்லாமல் செய்கிற வெட்டிவேலையிலிருந்து விலக்கும் வந்தன. உத்தமி பிறந்த ஊருக்கும் வாழ்ந்த ஊருக்கும் நல்ல சம்பந்தங்கள் தேடி வந்தன. தல்சுவுக்கு இம்சிலிலிருந்து இரண்டாவது பெண் எடுத்தார்கள். இம்சில்காரி வாயாடி, மனசு சுத்தம். புன்னியைத் தன் பிள்ளையாகவே வளர்த்தாள்.

அவள் காணாமல்போன எட்டாம் வருடம், பாம்பு வருடத்துக் கோடையில், களை எடுக்கும் நேரத்தில், என் அம்மா ஊர் எல்லை வயலில் குனிந்திருந்தாள். சாலையில் ஒரு பெண் வாசலை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"ஏம்மா, இது யாரு வாசல்? நான் போகும்போது இது இல்லையே."

அம்மா நிமிராமலே, "பியோ வீட்டு மருமக வாசல். சண்டையில ஆத்துல குதிச்ச மகராசி" என்றாள்.

"எந்த மருமக?"

"கோக்சோங்காரின்னு ஒருத்தி."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த களை சேற்றில் விழுந்தது.

"அடி ஆத்தீ! அக்கா?"

"நான் எங்கடி குதிச்சேன்?" என்றாள் கோக்சோங்காரி.

அவளை ஆற்றின் நடுவிலேயே பிடித்துக் கப்பலேற்றி, ஜப்பானில் பானை செய்கிறவர்களிடம் விற்றிருந்தார்கள். எட்டு வருடம் மண் பிசைந்தாள். சமாதானம் பேசப்போன தூதுக்குழு கைதிகளை மீட்டு வந்த கப்பலில் அவளும் வந்தாள். பூசானில் கரை இறங்கியதும், தகப்பன் பேர் சொல்லத் தெரியாதவர்களை நம் ஆட்களே அடிமையாக இழுத்துக்கொண்டு போனார்களாம். அவள் தப்பித்து மலை தாண்டி நடந்தே வந்தாள். காலில் செருப்பு இல்லை.

பெரியப்பா அவளை வீட்டுக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். அம்மாவையும் வெளியே விடவில்லை, போய்ச் சொல்லிவிடுவாள் என்று. அதனால்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். அவள் கல்யாணத்தை நடத்தி வைத்த அதே மனுஷன் எதிரே உட்கார்ந்து கேட்டார்.

"யாரும்மா நீ? எந்த ஊரு?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. மூலையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த தல்சுவைப் பார்த்தாள்.

"ஆத்தங்கரையில நின்னு மூணு தடவை கூப்பிட்டீங்களாமே. இப்பத்தான் இவ சொன்னா. அதான் வந்துட்டேன்."

தல்சுவின் தோள் குலுங்கியது. அவன் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை. "என் பொண்டாட்டி." அவ்வளவுதான்.

பெரியப்பா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வாசல் பொய் என்று தெரிந்தால் ராஜாவை ஏமாற்றிய குற்றம். சாட்சி சொன்ன எல்லோருக்கும் கசையடி. கொடுத்த விலக்கெல்லாம் திரும்பப் போகும். அதைவிட, புன்னிக்கு உன்போங் வாத்தியார் வீட்டில் பேசி முடித்திருக்கிறது. பெண்ணையா பார்த்தார்கள்? உத்தமி மகள் என்று வாசலைப் பார்த்துத்தான் கேட்டார்கள்.

"ஜப்பான்ல இருந்து திரும்பி வந்தவ மகள்னு தெரிஞ்சா, எவன் அவளைத் தொடுவான்? நீயே சொல்லும்மா. நான் கெட்டவன் இல்ல."

"எம் பொண்ண ஒரு தடவை காட்டுங்க" என்றாள் அவள்.

புன்னியைக் கூப்பிட்டார்கள். தலையை வாரிப் பின்னிய பெண், கூச்சத்தோடு வாசற்படியில் நின்று, இது யார் என்று கேட்டாள். கடைசியில் கோக்சோங்காரிதான் சொன்னாள்.

"வழிப்போக்கிம்மா. நெல்லு குத்த ஆளு வேணுமான்னு கேட்டு வந்தேன்."

பெரியப்பா பெருமூச்சு விட்டார். அது நிம்மதிப் பெருமூச்சு என்று சொல்லும்போதெல்லாம் அம்மா காறித் துப்புவாள். ஆனால் அவளும் வெளியே போய்ச் சொல்லவில்லை. மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஊரே தெரியாததுபோல் இருந்தது. எங்கள் வீடும்தான்.

ஓடையோரத்தில் நெல் குத்தும் குடிசை ஒன்றை அவளுக்கு விட்டார்கள். நான் விவரம் தெரிந்து பார்த்த கோக்சோங்காரி அங்கே, காலால் அழுத்தினால் எழும்பிக் குத்துகிற உலக்கைக் கட்டையை மிதித்துக்கொண்டிருந்த பொம்பளைதான். குத்துக்காரி என்று கூப்பிடுவோம். மண் பிசைந்து பிசைந்து அவள் விரல்கள் கணு வீங்கியிருந்தன. அதைப் பற்றி ஒருத்தியும் கேட்டதில்லை. பொம்பளைகளுக்குத் தெரிய வேண்டியது வேறு. அதை நேராகக் கேட்கவும் துணிச்சல் இல்லை. "அங்க ராத்திரி குளிருமாடீ?" என்று சுற்றி வளைப்பார்கள். "குளிரும். இங்க அளவுக்கு இல்ல" என்பாள் அவள்.

எட்டாம் மாதம் அவளுடைய திவசம் வரும். தல்சு வெள்ளை அணிந்து அவள் நினைவுப் பலகைக்கு முன்னால் விழுந்து கும்பிடுவான். பின்கட்டில் அவளே படையல் சமைப்பாள், கைப்பக்குவம் உள்ளவள் என்பதால். ஒரு வருடம் இம்சில்காரி முள்ளங்கிச் சாற்றை ருசி பார்த்து, "உப்பு தூக்கலா இருக்கே" என்றாள்.

"செத்தவளுக்கு அப்படித்தான் பிடிக்கும். எனக்குத் தெரியாதா?"

இம்சில்காரி கரண்டியை வைத்துவிட்டு பாவாடை நுனியில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, இந்த வீட்டுல எம் பேச்சு எடுபடாதுக்கா." ஆறுதல் சொன்னது செத்தவள்தான். படையல் முடிந்து பங்கு போட்டபோது குடிசைக்கும் ஒரு பங்கு போனது. தன் திவசச் சோற்றைத் தானே தின்றவள் உலகத்தில் வேறு யாராவது உண்டா தெரியவில்லை.

புன்னி கல்யாணத்துக்கு அரிசிப் பலகாரத்துக்கு மாவிடித்தவளும் அவள்தான். பல்லக்கு ஊர் எல்லைக்கு வந்ததும் நிறுத்தினார்கள். மணப்பெண் இறங்கி, சிவப்பு வாசலைப் பார்த்து, "அம்மா, போயிட்டு வரேன்" என்று விழுந்து வணங்கினாள். பலகாரக் கூடையைச் சுமந்துகொண்டு கோக்சோங்காரி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள். ஊர் மொத்தமும் அங்கே நின்றது. எல்லோரும் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

தல்சு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் முதலில் அந்தக் குடிசைக்குத்தான் கூரை மாற்றுவான். விறகு கொண்டுவந்து போடுவான். பேச மாட்டான். பெரியப்பா செத்த பிறகாவது வாயைத் திறப்பான் என்று அம்மா எதிர்பார்த்தாள். அதுவும் நடக்கவில்லை. ஒருமுறை நான் நெல் கொண்டுபோனபோது அவன் மேலே வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தான். கீழே உலக்கையை நிறுத்திவிட்டு அவள் கேட்டாள்.

"ஏங்க. அன்னிக்கு ஆத்துல நான் உங்களைக் கூப்பிட்டேனே, காதுல விழுந்துச்சா?"

கூரைமேல் கை நின்றது.

"தண்ணி சத்தம் ஜாஸ்தி, புள்ள."

"ஆமா. தண்ணி சத்தம்தான்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். ஊர் மலைக்கு ஓடிய அந்த வருடம், பாறைக்குக் கீழே இருந்த மடுவைத் தவிர, ஆறு வறண்டு கணுக்காலளவு ஓடியது என்று அம்மா முன்பே சொல்லியிருக்கிறாள். எனக்கு மேலே பார்க்கக் கூச்சமாக இருந்தது.

போன வருடத்துக்கு முந்தின குளிர்காலம், பனி விழுந்த ஒரு காலையில், கோக்சோங்காரி உலக்கைக்குப் பக்கத்திலேயே சாய்ந்து கிடந்தாள். காய்ச்சல் என்று கேள்விப்பட்டு முதல் நாளே உன்போங்கிலிருந்து புன்னி வந்திருந்தாள். நெல் குத்துகிறவளுக்குக் காய்ச்சல் என்றால் இவள் ஏன் வருகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கு எப்போது தெரியும் என்று நானும் கேட்டதில்லை. கையோடு புதுச் சணல் செருப்பு ஒரு ஜோடி கொண்டுவந்திருந்தாள். அதை அந்தக் காலில் போட்டுவிட்டு, சத்தம் வெளியே வராமல் பாவாடையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இம்சில்காரி கோக்சோங்காரியின் சட்டையைக் கொண்டுவந்து தல்சுவின் கையில் திணித்தாள். "ஊரு பூரா ஏறினீங்க. இதுக்கும் ஏறுங்க."

கிழவன் ஏறினான். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். பனியில் அந்த வயசில் கால் வழுக்கவில்லை. கீழே ஊர் கூடிவிட்டது. என்ன பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறான் என்பதே எல்லோர் முகத்திலும் தெரிந்தது. வழிப்போக்கி என்றா, குத்துக்காரி என்றா? தல்சு வடக்கே திரும்பினான். சட்டையை ஒரு உதறு உதறினான். போர்க்காலத்தில் ஊர் முழுக்கக் கேட்ட அதே குரல் வந்தது.

"பியோ தல்சு பொண்டாட்டி! புன்னி ஆத்தா! கோக்சோங்காரீ!"

கீழே புன்னி வாயிலிருந்து பாவாடையை எடுத்தாள். "அம்மா" என்று அவள் அலறியதில் காக்கைகள் எழுந்து பறந்தன.

இனி "திரும்பி வா" என்று சொல்ல வேண்டும். தல்சு சொல்லவில்லை. சட்டை அவன் கையில் தொங்கியது. நாங்கள் காத்திருந்தோம். அவன் உட்கார்ந்துவிட்டான், தானே வேய்ந்த கூரைமேல்.

"கூப்பிடுங்கய்யா" என்று அம்மா கீழேயிருந்து சொன்னாள். "மூணு தடவை கூப்பிடணும்."

"அன்னிக்கு அவ கூப்பிட்டது என் காதுல விழுந்துச்சு" என்றான் தல்சு. "நல்லா விழுந்துச்சு. நான் திரும்பல."

"சரி. இப்பக் கூப்பிடுங்க."

அவன் எங்களைப் பார்த்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். என்னையும் பார்த்தான்.

"வேணாம். கூப்பிட்டா வந்துருவா அவ. வந்தா நாம என்ன பண்ணுவோம்?"

அவன் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டான். வெகுநேரம் கழித்து இறங்கி வந்தான். அதுவரை நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.